‘லேசாக எடுத்துக்கொள்’ என்று யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், கவலைகளைச் சிரித்தே கடப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படித்து இரண்டு நாளாகியும் மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். எழுதியவரின் நோக்கம் நல்லது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ‘எதையும் லேசாக எடுத்துக்கொள்ளுங்கள்’ என்ற வரி அதில் நாலைந்து இடத்தில் வருகிறது. ஒவ்வொரு முறை அதைப் படித்தபோதும் எனக்குள் ஒரே கேள்விதான். இதை யார், யாரிடம், எந்த நேரத்தில் சொல்கிறார்கள்? கட்டுரை அந்தப் பக்கமே போகவில்லை. எனக்குத் தெரிந்து விஷயமே அதில்தான் இருக்கிறது.

என் அப்பாவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கத்தில் ரத்த ஓட்டம் தடைபட்டு வலது கையும் காலும் தளர்ந்துபோயின. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, பேச்சுதான் திரும்பவில்லை. பெரும்பாலானவர்களுக்கு மொழியைப் பார்த்துக்கொள்வது மூளையின் இடப்பக்கம் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். மருத்துவர் அதற்கு அஃபேசியா என்று பெயர் சொன்னார். அறிவு மங்கவில்லை, எங்களையெல்லாம் நன்றாகவே அடையாளம் தெரிந்தது, என்ன சொல்ல வேண்டும் என்பதும் அவருக்குத் தெளிவாகத் தெரியும். ஆனால் அதற்கான சொல் வாய்க்கு வராது, இல்லாவிட்டால் சம்பந்தமில்லாத வேறொரு சொல் வந்து விழும். முப்பத்தைந்து வருடம் வகுப்பறையில் நின்று பேசிய வாத்தியார் அவர். ‘தண்ணீர்’ என்று சொல்ல முயன்று ‘திங்கட்கிழமை’ என்று சொல்லிவிட்டு, சொன்னது தப்பு என்பதும் தெரிந்து, கண்ணை இறுக மூடிக்கொள்வார். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் ‘லேசாக எடுத்துக்கொள்’ என்று வாய் திறக்க மாட்டார்கள்.

பெரியப்பா திறந்தார். பார்க்க வந்தவர் கட்டிலருகே உட்கார்ந்து, “விடுடா, ஆயுசு முழுக்க நீயே பேசிட்டே, இனிமே வீட்ல மத்தவங்க பேசட்டும்” என்று சொல்லிச் சத்தமாகச் சிரித்தார். தம்பியின் நிலையைப் பார்த்துத் தாங்காமல்தான் அப்படிச் சொன்னார் என்பது எனக்கு இப்போது புரிகிறது. அவர் கண் கலங்கியிருந்ததையும் பார்த்தேன். அம்மா மரியாதைக்குப் புன்னகைத்தார். அப்பா மெதுவாக முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு இரவு வரை அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த இரண்டு வாரத்துக்குள் நடந்ததுதான் இன்னொன்று. ஒரு மாலை அப்பா “சாவி” என்றார். பீரோ சாவியை எடுத்துக் கொடுத்தேன், இல்லையென்று தலையை ஆட்டினார். வாசற்கதவுச் சாவியைக் கொடுத்தேன், அதுவும் இல்லை. தங்கை வண்டிச் சாவியைக் கொண்டுவந்தாள். அம்மா, பூட்டு தொலைந்து பல வருடமான ஒரு பெட்டியின் சாவியை எங்கிருந்தோ தேடி எடுத்துவந்தார். படுக்கையில் சாவிகள் குவியக் குவிய அப்பாவின் முகம் சிவந்துகொண்டே போனது. “சாவி, சாவி” என்று கட்டிலை அடித்தார். ஜன்னல் மேடையில் அவருடைய மூக்குக்கண்ணாடி இருந்தது. அதைத்தான் கேட்கிறார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சட்டென்று அடிப்பதை நிறுத்தினார். அந்தக் குவியலை ஒரு நிமிடம் பார்த்தார். அப்புறம் இடது கையால், இருந்ததிலேயே பெரிய சாவியைப் பொறுக்கி எடுத்து, மூக்கின் மேல் கண்ணாடி உட்கார்ந்து உட்கார்ந்து தழும்பான அந்த இடத்தில் வைத்துக்கொண்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார். முதலில் அவர் தோள்தான் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து அம்மா பதறிப்போய்ப் பக்கத்தில் ஓடினார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. பிறகு நாங்கள் நான்கு பேரும் சிரித்தோம், சிரித்துக்கொண்டே அழுதோம், எது எங்கே முடிந்து எது தொடங்கியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பெரியப்பா சொன்னதும் பேச்சு போனதைப் பற்றித்தான், அப்பா செய்ததும் அதைப் பற்றித்தான். ஒன்று அவரைச் சுவர்ப்பக்கம் திருப்பியது, இன்னொன்று அவரை எங்களிடம் திருப்பிக் கொடுத்தது. வலிக்கு யார் சொந்தக்காரரோ அவர்தான் அதை முதலில் லேசாகத் தொடலாம் என்று அன்றிலிருந்து நினைக்கிறேன். அவர் தொட்ட பிறகு கூட இருப்பவர்கள் சேர்ந்துகொள்ளலாம், அதுவும் அவர் தொட்ட அளவுக்கு மட்டும். முந்திக்கொண்டு தொட்டால், எவ்வளவு அன்போடு தொட்டாலும், ‘உன் வலி எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை’ என்றுதான் அது அந்தப் பக்கம் போய்ச் சேரும்.

சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் புரோவைன் என்ற அமெரிக்க நரம்பியல் அறிஞர் கவனித்துச் சொன்ன விஷயம் இது. மனிதர்கள் தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட இன்னொருவரோடு இருக்கும்போது ஏறத்தாழ முப்பது மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள். பொது இடங்களில் அவரும் மாணவர்களும் காதால் கேட்டுக் குறித்துவைத்த சிரிப்புகளில் பெரும்பாலானவை நகைச்சுவைக்காக வந்தவையே இல்லை, ‘சரி, அப்புறம் பார்க்கலாம்’ போன்ற சாதாரணப் பேச்சைத் தொடர்ந்து வந்தவை. சிரிப்பு துணையைத் தேடி வருகிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். எங்கள் சாவிக் குவியலில் ஒரு ஜோக்கும் இல்லை, நான்கு பேர் இருந்தோம், அவ்வளவுதான். துயரத்தில் இருப்பவரிடம் துணுக்குகளை அனுப்பிவைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நானும் அந்த நாட்களில் காலையில் கண் விழித்தவுடன் சிரிக்கும் முகங்களும் நம்பிக்கை வாசகங்களுமாக இருபது செய்திகளைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் வந்து பத்து நிமிடம் அப்பாவின் அருகில் சும்மா உட்கார்ந்திருந்தால் அந்த இருபதும் எனக்கு வேண்டியிருந்திருக்காது.

இனி என் பங்கு. பகலில் நான் தைரியசாலியாகத்தான் நடமாடினேன். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரும், நெஞ்சு படபடக்கும், மறுபடியும் ஒரு அடைப்பு வந்தால் என்ன செய்வது, அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது, என் வேலை என்னாகும் என்று ஒன்றைப் பிடித்து ஒன்று ஏறும். ‘நினைக்காதே, நினைக்காதே’ என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டு படுத்திருப்பேன். அது எவ்வளவு வீண் என்பது பிறகுதான் தெரிந்தது. 1987-ல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். ஒரு வெள்ளைக் கரடியைப் பற்றி மட்டும் நினைக்க வேண்டாம், நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள் என்று சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியம், பிறகு நினைக்கலாம் என்று அனுமதி கொடுத்தபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைக் காட்டிலும் அடக்கிவைத்திருந்தவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது. ‘கவலைப்படாதே’ என்று ஒருவரிடம் சொல்வது இந்தக் கரடியை அவர் படுக்கையில் கொண்டுபோய் விடுவதுதான். எனக்கு ஒவ்வொரு இரவும் வந்தது.

எனக்கு உதவியது எதிர்த்திசையில் இருந்தது. அப்பாவின் விஷயமாக ஓர் அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்திருந்தோம். வலது கை எழுதாததால் இடது கையால் கையெழுத்துப் போட்டிருந்தார். பழைய கையெழுத்தோடு பொருந்தவில்லை என்று மூன்று முறை திருப்பினார்கள். மூன்றாம் முறை நான் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். கை நடுங்கியது. கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். பேச்சுப் பயிற்சிக்கு வரும் அம்மையார், வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்து ஒன்று சொல்லியிருந்தார்: உணர்ச்சி பொங்கும்போது அதன் பெயர் என்ன என்று தேடுங்கள், பொதுவாகச் சொல்லாதீர்கள், சரியான பெயரைத் தேடுங்கள். படியில் உட்கார்ந்து தேடினேன். கோபம் இல்லை. அவமானமும் முழுக்க இல்லை. அப்பாவின் அந்த அழகான, சாய்ந்த, நீளவால் வைத்த கையெழுத்து இனி இந்த உலகத்தில் யாராலும் போடப்படாது என்ற துக்கம் அது. பெயர் கிடைத்ததும் அழுகை வந்தது, நடுக்கம் நின்றது. 2007-ல் மேத்யூ லீபர்மேன் குழுவினர் கோபமும் பயமும் தெரியும் முகப் படங்களைக் காட்டி மூளையைப் படம்பிடித்துப் பார்த்தபோது, அந்த உணர்ச்சிக்குச் சொல்லால் பெயரிட்ட நேரத்தில் அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்பு தணிந்தது தெரிந்தது. பயத்தைக் கண்டதும் முதலில் மணியடிக்கும் பகுதிகளில் அதுவும் ஒன்று. சொல் இழந்த ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டில், சொல் கிடைப்பது என்ன பெரிய விஷயம் என்று எனக்குத் தனியாக யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று சின்ன விஷயம், ஆனால் எனக்குப் பலித்தது. இரவில் பயம் ஏறும்போது ‘எனக்கு ஏன் இப்படி’ என்று கேட்பதை விட்டுவிட்டு, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேசுவதுபோல என்னிடமே பேசினேன். ‘இதோ பார், இப்ப மணி ரெண்டு, அப்பா மூச்சு சீராத்தான் வருது, மீதியைக் காலையில பார்ப்போம்.’ தன்னைத் தன் பெயரால் அழைத்துப் பேசுபவர்களுக்குப் பதற்றம் குறைகிறது என்று ஈத்தன் கிராஸ் என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட ஆறுதலைச் சொல்லி முடியாது. பிறத்தியாருக்கு என்றால் எவ்வளவு பக்குவமாக யோசனை சொல்கிறோம்! அந்த ஒரு முழத் தூரம் நம்மிடமும் நமக்கு வேண்டியிருக்கிறது. லேசான பார்வை என்று ஒன்று இருந்தால் அது அந்தத் தூரத்தில்தான் கிடைக்கிறது. மூக்கில் சாவியை வைத்த அந்த நொடியில் அப்பாவும் தன்னைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்திருப்பார் என்றே நம்புகிறேன்.

‘ஐந்து வருடம் கழித்து இது பெரிதாகத் தெரியுமா’ என்று கேட்டுக்கொள்ளச் சொல்வார்கள், உங்கள் கட்டுரையிலும் இருந்தது. நல்ல கேள்விதான். ஆனால் எல்லாவற்றுக்கும் ‘தெரியாது’ என்று பதில் வரும் என்று கட்டுரை சொன்னது, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. படிவத்தை மூன்று முறை திருப்பியதற்கு ‘தெரியாது’ என்று வந்தது, சரி, அதை அன்றே இறக்கி வைத்தேன். அப்பாவின் கையெழுத்துக்கு ‘தெரியும்’ என்றுதான் வந்தது. ஐந்து வருடம் என்ன, ஐம்பது வருடம் கழித்தும் தெரியும். அதை நான் லேசாக்க முயலவே இல்லை, அதன் கனத்தோடே வைத்திருக்கிறேன். சில்லறைத் தொல்லைகளை இறக்கியதால்தான் அதைச் சுமக்கத் தோளில் இடம் இருந்தது.

மிகக் கொடிய இடத்திலும் சிரிப்பு பிழைத்திருந்ததைப் பற்றிச் சொன்னவர் விக்டர் ஃபிராங்கல். 1905-ல் வியன்னாவில் பிறந்த மனநல மருத்துவர். நாஜி வதைமுகாம்களில் அடைக்கப்பட்டு 1945-ல் விடுதலையானவர், பெற்றோரையும் சகோதரரையும் மனைவியையும் இழந்தவர். முகாமில் கட்டட வேலையில் தன் பக்கத்தில் நின்ற நண்பரோடு அவர் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். விடுதலைக்குப் பிறகு நடக்கக்கூடிய வேடிக்கையான சம்பவம் ஒன்றை நாளுக்கு ஒன்றாவது இருவரும் கற்பனை செய்து சொல்ல வேண்டும். முகாமில் சூப் ஊற்றும்போது அடியில் கிடக்கும் பட்டாணி ஒன்றிரண்டாவது கிடைக்காதா என்று எல்லோரும் ஏங்குவார்களாம். பிற்காலத்தில் ஒரு விருந்துக்குப் போய், பழக்க தோஷத்தில் வீட்டுக்கார அம்மாவிடம் ‘அடியிலிருந்து ஊற்றுங்கள்’ என்று கெஞ்சிவிடுவோமோ என்று அவர்கள் கற்பனை செய்தார்கள். இதை நான் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்தக் கற்பனையில் பசி மறைக்கப்படவில்லை, பசிதான் அதன் நடுவில் இருக்கிறது. கூடவே, விருந்துக்குப் போகும் ஒரு நாள் வரும் என்பதும் அதற்குள் இருக்கிறது. வெளியிலிருந்து யாரோ வந்து முள்வேலிக்கு அப்பால் நின்று அவர்களைச் சிரிக்கச் சொல்லவும் இல்லை.

சிரிப்பு எல்லாமே மருந்து என்று எழுதுவதும் ஆபத்து. 2003-ல் ராட் மார்ட்டினும் உடன் ஆய்வு செய்தவர்களும் மனிதர்கள் நகைச்சுவையைப் பயன்படுத்தும் விதங்களை நான்காகப் பிரித்தார்கள். உறவை நெருக்கமாக்குவது ஒன்று, கஷ்டத்தில் தன்னைத் தாங்கிக்கொள்ள உதவுவது ஒன்று, பிறரைக் குத்துவது ஒன்று, பிறர் சிரிப்பதற்காகத் தன்னைத்தானே மட்டம்தட்டிக்கொள்வது ஒன்று. இந்தக் கடைசி வகையில் அதிகம் இருப்பவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகக் காணப்பட்டன. நம் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒருவரைத் தெரியும். ‘என்னைப் போய் யார் மதிக்கிறாங்க’ என்று சொல்லிச் சொல்லியே சபையைக் கலகலப்பாக்குவார், எல்லோரும் சிரிப்போம், யாரும் அவரை நிறுத்தி ‘என்னப்பா, நிஜமாவே அப்படித் தோணுதா’ என்று கேட்க மாட்டோம். அடுத்த முறை கேளுங்கள். சபை முடிந்து தனியாக இருக்கும்போது கேளுங்கள்.

அதோடு, சோகம் வேறு, மனச்சோர்வு என்ற நோய் வேறு. நாளின் பெரும்பகுதி மனம் வெறுமையாக, எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் மாறி, கிட்டத்தட்ட எல்லா நாளும் இப்படியே இரண்டு வாரமோ அதற்கு மேலோ நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே, அந்த மணியிலேயே ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும். பக்கவாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு வருவது மிகவும் சாதாரணம். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏதாவதொரு கட்டத்தில் வருகிறது. அப்பாவுக்கும் வந்தது, சாவி சம்பவத்துக்குப் பிறகுதான் வந்தது. ஒரு சிரிப்பு சிரித்தாயிற்று, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஆகவில்லை. மருந்தும் சிகிச்சையும் எட்டு மாதம் தேவைப்பட்டன. உங்கள் கட்டுரை ஒரு பக்கம் முழுக்க ஓடியும் மருத்துவர் என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. அதைப் படிக்கும் ஒருவர், ‘என்னால் சிரிக்க முடியவில்லையே, அப்படியானால் தப்பு என்னிடம்தான்’ என்று நினைத்துவிடுவாரோ என்பதுதான் என் பயம். அப்படி ஒரே ஒரு ஆள் நினைத்தாலும் அது பெரிய பாவம் ஐயா.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். மன பாரம் பற்றி எழுதுங்கள், இன்னும் நிறைய எழுதுங்கள். ஆனால் அறிவுரையாக எழுதுவதைக் குறைத்து, அந்த இடத்தைத் தாண்டி வந்தவர்களைப் பேச விடுங்கள். எப்போது சிரித்தார்கள், எப்போது சிரிக்க முடியாமல் போனது, அப்போது யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று அவர்களே சொல்லட்டும். கூடவே எந்தக் கட்டத்தில் மருத்துவ உதவி தேட வேண்டும் என்று ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு பகுதி எழுதலாம், எங்கள் பெரியப்பா போன்ற நல்ல மனிதர்களுக்கு அது உதவியாக இருக்கும். அவரும் பிறகு கற்றுக்கொண்டார். இப்போதெல்லாம் வந்தால் பேசாமல் அப்பாவின் வலது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டிருப்பார். அப்பாதான் அவரிடம் பேச்சுக் கொடுப்பார்.

ஆமாம், அப்பா பேசுகிறார். நீளமான வாக்கியங்களில் இன்னும் தடுமாறுகிறார், களைத்துப்போனால் சொற்கள் ஓடிவிடுகின்றன, ஆனால் பேசுகிறார். ‘கண்ணாடி’ என்ற சொல் பயிற்சி தொடங்கி நான்கு மாதத்தில் வந்துவிட்டது. வீட்டில்தான் யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. நேற்று தங்கை தொலைபேசியில் கேட்டாள், “அக்கா, அப்பாவோட சாவிக்கு பவர் மாத்தணும்னு சொன்னியே, கண் டாக்டர்கிட்ட எப்பப் போறீங்க?”

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி